ஆயில் ஃபில்டரில் ஒட்டிய இரும்பு

பிப்ரவரி மாதக் குளிர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் வரும் சின்ன விமான நிலையம் அது. ஒற்றை ஓடுபாதை, ஒரு பெட்ரோல் பம்ப், வரிசையாகத் தகரக் கொட்டகைகள். அதில் ஒரு கொட்டகைக்குள், நான்கு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று எலும்புக்கூடாக நின்றுகொண்டிருந்தது. எஞ்சினை மூடியிருந்த தகடுகள் ஒரு பக்கம், இருக்கைகள் இன்னொரு பக்கம். இறக்கைக்கு அடியில் இருந்த மூடிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் திருகுகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார் விமானத்தின் சொந்தக்காரர்.

அவர் பெரிய பணக்காரர் இல்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார். விமானமும் ஆடம்பரமானது இல்லை. 1968-ல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் செய்யப்பட்ட செஸ்னா 172. உலகத்திலேயே அதிகம் தயாரிக்கப்பட்ட விமானம் இந்த ரகம்தான். 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். இன்று புதிதாக ஒன்று வாங்க நான்கு லட்சம் டாலருக்கும் மேல் ஆகும். அதனால்தான் அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பழையதை வாங்கிப் பராமரித்துப் பறக்கிறார்கள். அங்கே பறக்கும் ஒற்றை எஞ்சின் விமானங்களின் சராசரி வயதே நாற்பதைத் தாண்டிவிட்டது.

வாத்தியார் இதை வாங்கியது 1995-ல். அப்போதே அதற்கு இருபத்தேழு வயது. வழக்குகளுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் பயந்து 1986-ல் செஸ்னா நிறுவனம் இந்தச் சிறு விமானங்களைச் செய்வதையே நிறுத்தியிருந்தது. பதினெட்டு வருடத்துக்கு மேல் பழசான விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மீது வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். வாத்தியார் தேடிய காலத்தில் கடையில் புது 172 என்று ஒன்று கிடையவே கிடையாது.

வருடத்துக்கு ஒரு தேர்வு

சொந்த விமானம் என்றாலும் இஷ்டப்படி பறந்துவிட முடியாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை நடக்க வேண்டும். அதற்கென்று தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக் பார்த்து, லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது.

ஆனால் சொந்தக்காரரும் சில வேலைகளைத் தானே செய்யலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. பைலட் லைசென்ஸ் இருந்தால் போதும். ஆயில் மாற்றலாம், டயர் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். செய்ததை லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1996-லேயே அமெரிக்காவில் தடை செய்யப்பட்டுவிட்டாலும், இந்தக் குட்டி விமானங்களின் பெட்ரோலில் ஈயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது கீழ்ப்பக்கத்துப் பிளக்குகளில் கடுகு கடுகாக உருண்டு ஒட்டிக்கொள்ளும். அதை ஊசியால் நோண்டி எடுப்பது வாத்தியாருக்குப் பிடித்த வேலை.

மற்றதெல்லாம் மெக்கானிக்கின் கையில். எழுபது வயதுக்காரர். நாற்பத்தைந்து வருடமாக இதே தொழில். இந்தத் தொழிலில் ஐம்பது வருடத்தை முடித்தவர்களுக்கு அமெரிக்க அரசின் விமானத் துறை ஒரு விருது தருகிறது. அதன் பெயர் சார்லஸ் டெய்லர் விருது. ரைட் சகோதரர்களின் பெயரை உலகமே அறியும். அவர்களுடைய 1903 விமானத்துக்கு டேட்டனில் இருந்த சைக்கிள் கடைக்குள் ஆறே வாரத்தில் எஞ்சின் செய்து கொடுத்த டெய்லரை மெக்கானிக்குகள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். “இன்னும் அஞ்சு வருஷம் கை நடுங்காம இருந்தா எனக்கும் கிடைக்கும்” என்று சொல்லிச் சிரிப்பார் இந்த மெக்கானிக்.

அந்த 2023 பரிசோதனைக்கு வந்தபோது வாத்தியாரின் சட்டைப் பையில் ஒரு விளம்பரத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழைய கடிகார முள் மாதிரியான கருவிகளை எடுத்துவிட்டு மாட்டக்கூடிய ஒரு மின்னணுத் திரை. அதற்காகவே மூன்று வருடமாகப் பணம் சேர்த்திருந்தார்.

அது வெறும் பகட்டு ஆசை இல்லை. பழைய விமானத்தில், அடிவானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி காற்றை உறிஞ்சும் ஒரு பம்பால் ஓடுகிறது. அந்தப் பம்புக்குள் கார்பன் தகடுகள் சுழல்கின்றன. அவை எந்த நிமிடத்திலும், சொல்லாமல் கொள்ளாமல் உடையலாம். உடைந்ததும் கருவி உடனே நின்றுவிடாது. மெல்ல மெல்லச் சாய்ந்து பொய் சொல்லும். மேகத்துக்குள் அதை நம்பிப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. திரை மாட்டினால் அந்தப் பயம் இல்லை.

காந்தத்தில் ஒட்டியது

எஞ்சின் பரிசோதனை நன்றாகத்தான் தொடங்கியது. சூடாக இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். நான்கு சிலிண்டர்கள்: 74, 76, 73, 75. “பாஸ்!” என்றார் வாத்தியார், பழைய பழக்கத்தில்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. ஆயில் ஃபில்டரை வட்டமாக வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த தாளை மேஜையில் விரித்தார். 1968-ல் இந்த எஞ்சினோடு வந்தது ஒரு கம்பி வலைதான். ஃபில்டர் என்பது வாத்தியார் வாங்கிய புதிதில் செய்த முதல் மேம்பாடு. அந்தத் தாளின் மடிப்புகளில், விளக்கு வெளிச்சத்தில், மீன் செதில் மாதிரி ஏதோ மின்னியது.

மெக்கானிக் ஒரு சின்னக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். செதில்கள் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டன. அலுமினியம் என்றால் ஒட்டாது. இது இரும்பு.

ஒரு சிலிண்டரைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்கள். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட்டின் மேடு ஒன்று மழுங்கியிருந்தது. அதோடு உரசும் டாப்பெட்டின் முகம், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகப் பெயர்ந்திருந்தது.

“கம்ப்ரெஷன் நல்லா இருந்ததே?” என்றார் வாத்தியார்.

“அது பிஸ்டன் ரிங்கையும் வால்வையும்தான் சொல்லும். கேமைப் பத்திச் சொல்லாது. போன கோடையில விமானம் மேல ஏறக் கொஞ்சம் திணறுச்சா?”

திணறியதுதான். வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த எஞ்சினுக்கு ஒரு மராமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 2,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். இது ஓடியிருந்தது 1,400-தான். ஓடித் தேயவில்லை, நின்று கெட்டிருந்தது.

காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. லைகமிங் நிறுவனத்தின் இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் அதன் மேல் படிந்திருக்கும் ஆயில், நாள் போகப்போக வடிந்து கீழே போய்விடும். ஈரக் காற்று படும். துரு பிடிக்கும். பிறகு எஞ்சினைக் கிளப்பும்போது, துரு பிடித்த இடம் சில்லு சில்லாகப் பெயரும். பொதுமுடக்கக் காலத்தில் வாசலிலேயே நின்றுபோன ஸ்கூட்டரைப் பிறகு கிளப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் ஓரளவு தெரியும்.

“ஆனா நான் சும்மா விடலையே. மாசம் ஒரு தடவை வந்து பத்து நிமிஷம் ஓட்டி வெச்சேனே!”

மெக்கானிக் தலையை ஆட்டினார். “அதுதான் இன்னும் மோசம்.”

பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். அரை மணி நேரமாவது வானத்தில் பறந்து, ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது, உள்ளே தண்ணீர் தெளித்துப் பூட்டி வைப்பது மாதிரி. பறக்க முடியாத காலத்துக்கென்று முறை இருக்கிறது: துருவைத் தடுக்கும் தனி ஆயிலை ஊற்றி, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரத்தை உறிஞ்சும் அடைப்பான்களைத் திருகி, காற்றுப் போகும் வழிகளை மூடிவிட வேண்டும். ஒரு நாள் வேலை. அன்றைக்கு வாத்தியாருக்கு அது தோன்றவே இல்லை.

லாக் புக்கில் வெற்றிடம்

அன்று இரவு சமையலறை மேஜையில் லாக் புக்குகள் பரப்பப்பட்டிருந்தன. 1968-லிருந்து ஒன்று விடாமல் இருக்கும் புத்தகங்கள். பழைய விமானத்துக்கு லாக் புக்தான் ஜாதகம், சொத்துப் பத்திரம் எல்லாம். தொலைந்துபோனால் விலையே இறங்கிவிடும்.

அவர் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கங்களைப் பார்த்தார். 2021 ஆகஸ்டில் ஒரு வரி. அடுத்த வரி 2022 ஏப்ரல். பிறகு அக்டோபர்.

அந்தத் தேதிகள் அவருக்கு வேறு விதமாகத் தெரியும். அறுவை சிகிச்சை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுதல், பிறகு கதிர்வீச்சு. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“இது நான் படுத்திருந்த காலம், இல்லையா?” என்று கேட்டார்.

வாத்தியார் புத்தகத்தை மூடப் பார்த்தார். மனைவி கையை எடுக்கவில்லை.

“எஞ்சினுக்கு உதிரிப் பாகம் விக்கிறாங்க” என்றார் வாத்தியார். “அப்ப எதைப் பார்க்கணுமோ அதைத்தான் பார்த்தேன். விடு.”

மனைவி விடவில்லை. அவர்தான் வீட்டுக் கணக்கு எழுதுபவர். ஒரு தாளில் மூன்று வரி எழுதினார்.

முதல் வரி: இப்படியே விற்றுவிடுவது. எஞ்சின் கெட்ட விமானத்துக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இரண்டாவது: எஞ்சினைப் பிரித்து முழு மராமத்து. கேம்ஷாஃப்ட்டை எடுக்க எஞ்சினின் நடு உடலையே இரண்டாகப் பிளக்க வேண்டும். அவ்வளவு தூரம் பிரித்த பிறகு எல்லாப் பாகத்தையும் பார்க்காமல் மூடுவது புத்திசாலித்தனம் இல்லை. சுமார் முப்பதாயிரம் டாலர். திரைக்காகச் சேர்த்தது அதில் பாதிக்குச் சற்று மேல். மூன்றாவது வரியில் ‘பங்குதாரர்?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார்.

அந்தக் கேள்விக்குறியை வாத்தியார் இருபத்தெட்டு வருடமாகத் தவிர்த்து வந்தார். அவரவர் சமையல் கரண்டி மாதிரி, விமானமும் ஒருவர் கையில் இருந்தால்தான் சரி என்பது அவர் கட்சி.

இரண்டு மாதம் தரையிறங்காத விமானம்

மறுநாள் கொட்டகையில் மெக்கானிக் ஒரு பழைய கதையை நினைவுபடுத்தினார். இதே செஸ்னா 172 ரகத்தின் கதைதான். 1958 டிசம்பர் 4 அன்று லாஸ் வேகாஸ் நகரிலிருந்து ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் ஒரு 172-ல் கிளம்பினார்கள். தரையிறங்கியது 1959 பிப்ரவரி 7. மொத்தம் 64 நாள், 22 மணி, 19 நிமிடம். சாலையில் ஓடும் லாரிக்கு மேலே தாழ்வாகப் பறந்து, கயிறு விட்டுக் குழாயை மேலே இழுத்துப் பெட்ரோல் நிரப்பினார்கள். சாப்பாடும் அப்படித்தான் போனது. அந்த விமானம் இன்று லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் உத்தரத்திலிருந்து தொங்குகிறது.

கணக்குப் போட்டால் எஞ்சின் ஒரே மூச்சில் ஓடியது 1,550 மணி நேரத்துக்கும் மேல். கடைசியில் உள்ளே கரி படிந்து சக்தி குறைந்து, இனி ஏற முடியாது என்ற நிலையில்தான் இறங்கினார்கள்.

“அது ரெண்டு மாசத்துல ஓடினதை உங்க எஞ்சின் இருபத்திச் சொச்சம் வருஷத்துல கூட ஓடலை” என்றார் மெக்கானிக். “நீங்க புதுசாக்கிக் கொண்டுவந்து, மறுபடி மாசம் ஒரு தடவை பறந்தா, இதே ஃபில்டரை நான் மறுபடி வெட்டுவேன். அதுக்கு நான் இருப்பேனா தெரியாது.”

வாத்தியாருக்கு விஷயம் விளங்கியது. பணம் இருந்தால் கேம்ஷாஃப்ட் வரும். வாரா வாரம் பறக்க ஆள் வேண்டும். அவருக்கு வயது எழுபத்திரண்டு. மனைவிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை இன்னும் இருக்கிறது.

பங்குதாரராக வந்தது அதே ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். முப்பத்து நான்கு வயது. லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம். வாடகை விமானம் எப்போது கேட்டாலும் காலியாக இல்லை என்ற எரிச்சலில் இருந்தவர். அனுபவம் குறைந்தவர் சேர்ந்ததால் இன்ஷூரன்ஸ் தொகை கூடியது, வாத்தியார் முணுமுணுத்தார். ஆனால் பாதி விலையைக் கொடுத்து அவர் சேர்ந்ததில் மராமத்துச் செலவின் பெரும்பகுதி தேறிவிட்டது. திரை வேண்டுமா என்ற கேள்விக்கு நர்ஸே பதில் சொன்னார்: “ரெண்டு பேருமே மேகத்துக்குள்ள போறதில்லை. வெயில் நாள்ல அடிவானத்தைக் கண்ணாடி வழியாவே பார்க்கலாம். முதல்ல எஞ்சின்.”

அவர் கேட்டது வேறு ஒன்று. “இந்த சீட்டுல தோள் பெல்ட் ஏன் இல்லை?”

அமெரிக்காவில் முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானது 1978 ஜூலைக்குப் பிறகு செய்யப்பட்ட சிறு விமானங்களுக்குத்தான். 1968 விமானத்தில் இடுப்பு பெல்ட் மட்டும். சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் வேகமாக மோதி நின்றால் தலை நேரே முன்பலகையில் போய் அடிக்கும். ஆஸ்பத்திரியில் அப்படி வந்தவர்களை நர்ஸ் பார்த்திருக்கிறார். இத்தனை வருடம் ரேடியோ மாற்றிய வாத்தியார், தான் எங்கே பறக்கிறோம் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் கருவியை 2020 கெடுவுக்கு முன்பே மாட்டிய வாத்தியார், இதைச் செய்யவில்லை. திரை விலையில் ஒரு பங்குகூட ஆகாத வேலை.

எஞ்சின் மராமத்துக் கடையில் இருந்த ஏழு மாதத்தில் அந்த வேலை முடிந்தது. இருக்கை நகரும் தண்டவாளங்களையும் மெக்கானிக் அளந்து பார்த்தார். செஸ்னாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆபத்து அது. தண்டவாளத் துளைகள் தேய்ந்துபோனால், ஓடுபாதையிலிருந்து எழும்பும் நேரத்தில் பைலட்டின் இருக்கை பின்னால் வழுக்கிவிடும்; அவர் கையில் இருக்கும் திசைப்பிடியும் கூடவே இழுபடும்; மூக்கு நிமிர்ந்து விமானம் விழும். அதனால் அந்தத் துளைகளைத் தவறாமல் பார்க்க வேண்டும் என்று அரசின் கட்டாய உத்தரவே இருக்கிறது. இங்கே இரண்டு துளைகள் எல்லையை நெருங்கியிருந்தன. தண்டவாளத்தை மாற்றினார்கள்.

வெள்ளைத் தாள்

அக்டோபரில் எஞ்சின் திரும்பி வந்தது. புதிதாகச் சேர்த்த எஞ்சினைத் தரையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு சரியாகப் படிய, முதல் மணி நேரங்களில் நல்ல சக்தியில் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டினால் சுவர் வழவழப்பாகி, ரிங் படியாமலே போய்விடும். அதனால் வாத்தியார் விமான நிலையத்துக்கு மேலேயே, ஏதாவது ஆனால் இறங்கிவிடும் தூரத்தில், ஒரு மணி நேரம் வட்டமடித்தார். கீழே மெக்கானிக், நர்ஸ், மனைவி மூவரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது மட்டும் எஞ்சின் சத்தத்தில்.

அதன் பிறகு கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டர் வந்தது. வாத்தியாருக்கு நீலப் பேனா, நர்ஸுக்குச் சிவப்பு. நைட் டியூட்டி முடிந்த காலைகளில் சிவப்பு விழும். செவ்வாய், வியாழனில் நீலம் விழும். சில வாரங்களில் நர்ஸ் தன் பொருட்களை இருக்கையில் விட்டுப் போய்விடுவார். வாத்தியார் வீட்டில் வந்து புலம்புவார். “பகிர்ந்துக்கறது கஷ்டம்தான்” என்பார் மனைவி, சிரிக்காமல்.

முதல் முறை ஆயில் மாற்றியபோது ஃபில்டரில் கொஞ்சம் துகள் இருந்தது. புது எஞ்சினில் அது சகஜம். இரண்டாவது முறை ஜனவரியில். வாத்தியாரே வெட்டி, மடிப்புகளைப் பிரித்து, வெள்ளைத் தாளின் மேல் பரப்பினார். அன்று மனைவியும் வந்திருந்தார். புதுத் தோள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்த களைப்பில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“காந்தத்தை என்கிட்டக் கொடுங்க” என்றார்.

மடிப்பு மடிப்பாக, அவசரமே இல்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தினார். பிறகு காந்தத்தைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. பஞ்சுத் துணியால் அதைத் துடைத்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

மெக்கானிக் கண்ணாடியைத் தூக்கி ஒரு முறை பார்த்துக்கொண்டார். “சரி. அடுத்த வாரம் யாரு பறக்கறது?” என்றார்.

காலண்டரில் செவ்வாய்க்கிழமை காலியாக இருந்தது. வாத்தியார் நீலப் பேனாவைத் தேடினார்.